ஆகஸ்ட் 29

ஜூன் 7, 2025
மகனின் லாக்ரோஸ் அணிக்கு, வலை கட்டிய கம்பால் பந்தைப் பிடித்து எறியும் அந்த விளையாட்டில், மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. எல்லா அணிப் பெயருக்குப் பின்னாலும் 2030. பள்ளி முடிக்கும் ஆண்டுதான் இங்கே வயது. பிறந்த ஆண்டை யாரும் கேட்பதில்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்தான். மீசை! அரும்பு இல்லை, மழித்து மறுபடி முளைத்தது. கையில் ஆறடிக் கம்பு. என் பிள்ளை அவன் தோளுக்குக்கூட இல்லை. இடித்துத் தள்ளியவனே கை கொடுத்துத் தூக்கியும் விட்டான். திட்டவும் வழியில்லை.

ஜூன் 8
விலா கன்றிப்போயிருக்கிறது. தொட விடமாட்டேன் என்கிறான்.

ஜூன் 11
தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். மேரிலாந்தில் செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிரம்பினால் கிண்டர்கார்டன். இவன் 2012 ஆகஸ்ட் 29, வகுப்பிலேயே கடைக்குட்டி. மீசைக்காரன் 2010 செப்டம்பராம்; ஒரு வகுப்பை இரண்டு முறை படிக்க வைத்தோம் என்று அவன் அம்மாவே மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னாள், ஏதோ பல்லுக்குக் கம்பி போட்டதைச் சொல்வதுபோல. ஏறக்குறைய இரண்டு வயது வித்தியாசம். இந்த விளையாட்டின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ லாக்ரோஸின் வயதுப் பிரிவுக்கும் செப்டம்பர் 1 தான் கோடு. கல்லூரிப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் பேசத் தொடங்குவதும் பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1. எனக்குச் சொன்ன பிரசவத் தேதி செப்டம்பர் 6.

ஜூன் 12
செப்டம்பர் 6.

ஜூன் 15
மதுரைக்குப் பேசினேன்.
“எட்டாவதை இரண்டு தடவையா? ஃபெயிலா?”
“இல்லையம்மா, தேறினாலும்தான். நாமே பணம் கட்டி.”
அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உன் மாமா பத்தாவதில் ஃபெயிலானபோது தாத்தா மூன்று நாள் வாசல் பக்கமே வரவில்லை” என்றாள்.

ஜூன் 17
மழை. பயிற்சி இல்லை. கராஜ் சுவரில் பந்தடிக்கிறான். டொக், டொக். வலக்கையில் நூறு, இடக்கையில் நூறு.

ஜூன் 21
இரண்டு வென்றார்கள். தரையில் உருளும் பந்தை நான்கு முறை எடுத்தானாம். “குள்ளமாக இருந்தால் குனிய வேண்டாம் அம்மா.” சிரித்தேன், காரில் அழுகை வந்தது. சே.

ஜூன் 24
எட்டாவதை மறுபடி படிக்க வைக்க, தனியார் பள்ளியின் சேர்க்கை விசாரிப்புப் படிவத்தை இறக்கி வைத்திருக்கிறேன். “விளையாட்டுக்காக ஒரு வருடமா?” என்றார் இவர். போன மாதம்வரை அடுத்த வீட்டார்களைப் பற்றி நான் சொன்ன அதே வாக்கியம், அதே குரலில். கணினியை மூடிவிட்டேன். இரவு மறுபடி திறந்தேன். பிறந்த தேதிவரை நிரப்பியாகிவிட்டது.

ஜூன் 28
நாளை காலை 8 மணிக்கு மீசைக்காரன் அணியோடு. ஐஸ் பை வாங்க வேண்டும்.