காலரைத் தடவிப் பாருங்கள்: தேர்வு மையச் சோதனை குறித்துச் சில குறிப்புகள்

தேர்வு மைய வாசலில் மெட்டல் டிடெக்டரோடு நிற்பவர்கள் பையையும் இடுப்பையும் பார்த்துவிட்டு ஆளை உள்ளே விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து சொல்லும் விடையைக் கேட்டு எழுதக் காதுக்குள் ஒளித்து வைக்கும் நானோ இயர்பீஸ் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் கை முதலில் காலருக்குத்தான் போகும்.

அந்த இயர்பீஸில் சிம் கிடையாது. அது சில மில்லிமீட்டர் அளவுள்ள காந்த மணி, அல்லது 4.8 மி.மீ. விட்டமுள்ள 337 பட்டன் பேட்டரி போட்ட சின்னக் குப்பி. பனியனுக்குள் கழுத்தைச் சுற்றி ஓடும் செப்புக் கம்பி வளையம் காந்தப்புலத்தை உண்டாக்க, காதில் இருப்பது அதை ஒலியாக்குகிறது. வளையத்தின் மறுமுனை போனிலோ, ஏடிஎம் கார்டு அளவுள்ள சிம் பெட்டியிலோ இருக்கும். அழைப்பு வந்தால் பெட்டி தானாகவே எடுத்துக்கொள்ளும். காதில் உள்ள துளி உலோகத்துக்கு டிடெக்டர் கத்தும் என்று நம்ப முடியாது. பெட்டியும் கம்பியும் அகப்படும். ஆகவே காலரை நிமிர்த்தி, கழுத்தடியை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, அக்குள், முதுகு, இடுப்பு, கணுக்கால் என்று இறங்குவது நல்லது. செருப்பைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். 2021இல் ராஜஸ்தானின் ரீட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் புளூடூத் கருவியைச் செருப்புக்குள் மறைத்து வைத்திருந்தார்கள்.

காதைப் பார்க்க டார்ச் போதும். காது மடலை மேல்நோக்கிப் பின்புறமாகத் தேர்வரையே இழுக்கச் சொன்னால் துளை நேராகும். ஊக்கு, குச்சி எதையும் உள்ளே விடக் கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

டிடெக்டர் கத்துவதெல்லாம் குற்றமும் அல்ல. 2022 நீட் தேர்வின்போது கொல்லம் மாவட்டத்தில் உள்ளாடைக் கொக்கிக்காக மாணவிகளை அலைக்கழித்து, அது போலீஸ் வழக்கு வரை போனது. மறைப்புக்குள் பெண் ஊழியர் கையால் தொட்டுப் பார்த்தாலே கொக்கி எது, பெட்டி எது என்று தெரிந்துவிடும். செவித்துணைக் கருவி, இன்சுலின் பம்ப், சர்க்கரை அளக்கும் சென்சார் வைத்திருப்பவர்களின் பட்டியல் வாசலுக்கு முன்கூட்டியே வந்துவிட வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவரின் மார்பருகே டிடெக்டரை நிறுத்திப் பிடிக்காமல் கையால் சோதிக்கலாம்.

இத்தனையும் செய்ய ஆளுக்கு 40 விநாடியாவது பிடிக்கும். 480 பேர் என்றால் 320 நிமிடம். 90 நிமிடத்துக்குள் முடிக்க நான்கு வரிசை தேவை. இரண்டு வரிசை மட்டும் போட்டால் கடைசி அரை மணி நேரத்தில் யாரையும் சோதிக்காமல்தான் அனுப்புவார்கள். மோசடி செய்ய வருபவனுக்கும் அது தெரியும். அவன் கடைசியில்தான் வருவான்.

செல்போன் சிக்னலை மறிக்கும் ஜாமர் மீது பலருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. தனியார் கல்லூரி தன்னிஷ்டத்துக்கு அதை வாங்கி வைக்க முடியாது; அரசு அனுமதி வேண்டும். செல்போன் கோபுரம் பக்கத்தில் இருந்தால் ஜாமரின் வீச்சு சுருங்கிவிடும். 4ஜி வரை மட்டும் மறிக்கும் பழைய பெட்டி 5ஜியின் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தொடாது. போதாக்குறைக்கு, தேர்வரின் அடையாளத்தைப் பதிவுசெய்யும், நெட்வொர்க்கை நம்பியிருக்கும் பயோமெட்ரிக் கருவி முதலில் படுத்துக்கொள்ளும். பதிவை முடித்துவிட்டு ஜாமரைப் போடுவதே சரி.

விடை உள்ளே வர, முதலில் வினா வெளியே போயாக வேண்டும். 2023 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையப் பணித் தேர்வில், கேமரா வழியாக வினாக்களை அனுப்பிக் காதில் விடை கேட்டதாகச் சிலர் பிடிபட்டார்கள், தேர்வே ரத்தானது. அதனால் தடித்த பட்டன், நெஞ்சருகே தூக்கிப் பிடித்த வினாத்தாள், தாளைப் புரட்டாமல் காத்திருந்து பிறகு வரிசையாக வட்டமிடும் கை ஆகியவற்றை அறைக் கண்காணிப்பாளர் கவனிக்க வேண்டும். தனக்கு வந்த வினாத்தாளின் வரிசை எழுத்து (A, B, C, D) எது என்று எதிர்முனைக்குச் சொல்ல, தேர்வர் கணக்கு வைத்து இருமவும் கூடும். கழிவறையின் ஃப்ளஷ் தொட்டி, வென்டிலேட்டர், குழாய்களின் பின்புறம் ஆகியவற்றை முந்தைய மாலை ஒருமுறை, காலையில் மறுபடி ஒருமுறை பார்த்துப் பூட்ட வேண்டும்.

கருவி சிக்கினால் உடனே பட்டன்களை அமுக்கத் தொடங்காதீர்கள். ஓடும் அழைப்பு, திரையில் உள்ள எண், நேரம் ஆகியவற்றைப் படமெடுத்து, சாட்சிக் கையெழுத்தோடு உறையிலிட்டு முத்திரை வையுங்கள். மத்திய அரசு 2024 ஜூனில் நடைமுறைப்படுத்திய பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் குறிவைப்பது கும்பலை. தேர்வர் மீது தேர்வு நடத்தும் அமைப்பின் விதிப்படிதான் நடவடிக்கை. எதிர்முனையில் பேசியவனைப் போலீஸ் தேடிப் பிடிக்க அந்த எண்ணும் நேரமும்தான் வேண்டும்.