துணைப் போலீஸுக்குப் போன ஓய்வுபெற்ற சார்ஜனிடம் கேட்ட கேள்வி

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில், குவா மூசாங் உட்பகுதியிலுள்ள எண்ணெய்ப்பனைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றுக்குத் துணைப் போலீஸாகச் செல்வதற்கான நியமனக் கடிதம் ஒருவழியாக என் கைக்கு வந்துவிட்டது. நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் சிரமமின்றி முடிந்தன. சிக்கல் முழுவதும் பணிச் சான்றிதழில்தான் வந்தது.

1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 47ஆவது பிரிவின்கீழ் நடைபெறும் நியமனம் என்பதால் பின்னணிச் சோதனை உண்டு. ஒழுங்கு நடவடிக்கை எதற்கும் உள்ளாகாதவன் என்று, நான் கடைசியாகப் பணியாற்றிய கிழக்குக்கரைத் தலைமையகம் எழுதித் தர வேண்டுமாம். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து இரவுப் பேருந்து பிடித்துப் போய் நின்றால், முகப்பிலிருந்த இளம் எழுத்தர் என் அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டிவிட்டு, "பதிவே இல்லையே, ஐயா போலீஸில்தான் இருந்தீர்களா?" என்று கேட்டார். 1985 முதல் சீருடை அணிந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? கோப்பைத் தேடிப் பார்க்கும்படி கேட்டதற்கு, கடிதம் எழுதிப் போடுங்கள் என்றார். போட்ட கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

மறுபடி போனபோது கோப்பறையிலிருந்த மூத்த கார்ப்பரல் ஒருவர் விஷயத்தைப் பிடித்துவிட்டார். பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண் 1990இல்தான் வந்தது. என் கோப்போ அதற்கு முன்பே திறக்கப்பட்டது. என் பணி எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு உள்ளே போனவர், நாடா இற்றுப்போன மஞ்சள் கோப்போடு திரும்பினார். அட்டையின் மேல் பழைய ஏழு இலக்க எண் நீல மையில் எழுதியிருந்தது. அன்று மாலைக்குள் கையொப்பமும் கிடைத்தது.

ஆகவே, 1990க்கு முன் சேர்ந்தவர்கள் பணி எண்ணையும் பழைய அடையாள அட்டை எண்ணையும் மறவாமல் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஓய்வுக் கடிதத்தின் அசலை எந்த முகப்பிலும் விட்டு வராதீர்கள். கிளந்தான், திரங்கானு, கெடா அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை என்பது தலைநகரவாசிகளுக்கு எளிதில் மறந்துவிடும்.

கனடாவின் தேசியப் போலீஸ் படையான ஆர்சிஎம்பி, ஓய்வு பெற்ற போலீஸாரையே சேமப்படையில் சேர்த்து ஆள் பற்றாத இடங்களுக்கு அனுப்புகிறது. என் அதிகாரமோ கடிதத்தில் குறித்த தோட்ட எல்லையோடு முடிகிறது. ஆற்றுக்கு அப்பாலுள்ள ஓராங் அஸ்லி பூர்வகுடியினரின் கிராமத்தில் ஏதேனும் நடந்தால், தொலைவிலுள்ள நிலையத்துக்குத் தகவல் சொல்ல மட்டுமே என்னால் முடியும். எல்லையை விரிவாக்கக் கோரி நிர்வாகம் விண்ணப்பித்திருக்கிறது. அதற்கும் பணிச் சான்றிதழ் ஒன்று புதிதாக வேண்டுமாம்.