எங்கள் ராணிக்கு எந்த மூட்டில் வலி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே குதிரை வளர்க்கிற வீடுகள் அதிகமில்லை. எங்கள் வீட்டுக்கு ராணி வந்தது பெரியப்பாவால். ஈப்போ பந்தயத் திடலில் சைஸ் வேலை, அதாவது குதிரைகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் குதிரை வாசம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட 9 வயதுப் பெண்குதிரையை வாங்கி வந்துவிட்டார்.

கோளாறை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். கண்புரையால் பார்வை மங்கிவிட்டது, ஆனால் காது கூர்மை. ஒரு மாலை தார்ரோட்டில் ராணியை மெல்லோட்டமாகக் கூட்டி வந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர், "தம்பி, நில்லு. ஒரு அடி மெதுவா விழுது" என்றார். மெல்லோட்டத்தில் ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் சேர்ந்து விழும். அதனால் இரண்டே சத்தம்தான், இரண்டும் ஒரே பலத்தில் கேட்க வேண்டும். அன்று ஒன்று ஓங்கி விழுந்தது, அடுத்தது பட்டும் படாமலும். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

காலில் வீக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் தோள்தான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், பெரியப்பாவும் சேர்த்து. தினமும் தோளுக்கு எண்ணெய் தேய்த்தோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். தெரிந்தவர் ஒருவர் பியூட் பவுடர் கொடுத்தார். குதிரைகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கிற மருந்து அது. தீவனத்தில் கலந்து போட்டதும் நொண்டல் போய்விட்டது. குணமாகிவிட்டது என்று நம்பி மறுபடி ஓடவிட்டோம். பவுடரை நிறுத்திய மூன்றாம் நாள் முன்பைவிட மோசமாக நொண்டினாள். புண்பட்ட மூட்டை வலி தெரியாமல் செய்து வேலை வாங்கியிருக்கிறோம். அதை நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அப்புறம்தான் குதிரை வைத்தியம் தெரிந்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வலி மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?" என்பதுதான். மருந்து உடம்பில் இருந்தால் வலி ஒளிந்துகொள்ளும் என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொன்னார்.

வந்ததும் ராணியை நேர்கோட்டில் ஓட்டச் சொன்னார். தலையைப் பாருங்கள் என்றார். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். வலது கால் என்று உறுதியானது. குதிரையின் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. அங்கே சின்ன வலி வந்தாலும் தலை காட்டிக்கொடுத்துவிடும். நொண்டலுக்கு 0 முதல் 5 வரை அளவு உண்டு. மெல்லோட்டத்தில் ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரிந்ததால் ராணிக்கு 3 போட்டார்.

நான் தோளைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, "கீழேயிருந்து மேலே போவோம்" என்றார். முன்னங்கால் நொண்டல் பெரும்பாலும் குளம்பிலோ அதற்குச் சற்று மேலேயோதான் இருக்குமாம். பெரிய இடுக்கி மாதிரி ஒரு கருவியால் குளம்பைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் குளம்புக்குள் சீழ் கட்டுவது சகஜம். ராணி அசையவில்லை. பிறகு காலின் கீழ்ப்பகுதியை மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு உடனே ஓடவிட்டார். முதல் சில அடிகள் பார்க்கச் சகிக்கவில்லை.

என் நடுவிரலைப் பிடித்துக் காட்டினார். குதிரை நிற்பது அந்த ஒற்றை விரலின் நுனியில். நாம் முன்னங்கால் முட்டி என்று சொல்வது நம்முடைய மணிக்கட்டு. அதற்குக் கீழே சதையே கிடையாது, எலும்பும் நரம்பும் தசைநாரும்தான். குளம்புக்கு மேலே ஃபெட்லாக் என்கிற கணுமூட்டு, நம் விரல் கைக்குச் சேருகிற முட்டு. மடக்கும்போது அங்கே இரண்டு மூன்று மூட்டுகள் சேர்ந்தே மடங்குவதால், எது என்று தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கு மரத்துப்போகும் ஊசி. வலிக்கிற இடம் மரத்துவிட்டால் நொண்டல் நின்றுவிடும். குதிகால் பக்க நரம்பில் முதலில் போட்டு, பத்து நிமிடம் காத்திருந்து ஓட்டினோம். நொண்டல் அப்படியே இருந்தது. கொஞ்சம் மேலே போட்டோம், லேசான மாற்றம். அன்று அதோடு விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து, கணுமூட்டுக்குள்ளேயே ஊசி போட்டார். மூட்டுக்குள் கிருமி போனால் குதிரையையே இழக்க நேரிடும் என்பதால் கழுவிக் கழுவித் துடைத்தார். ஊசி ஏறியதும் முதலில் மூட்டு நீர் வந்தது. விரலில் எடுத்தால் நூல் மாதிரி இழுபட வேண்டியது, தண்ணீராக ஒழுகியது. சோதனைக்கு அனுப்பியதில் சீழுக்கான அறிகுறி இல்லை.

மறுபடி ஓட்டினேன். வாசலிலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார்: "இப்ப ரெண்டும் சமமா விழுது!"

அதன் பிறகுதான் எக்ஸ்ரே. எங்கே எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கையில் தூக்கிவரும் மெஷினால் பல கோணங்களில் எடுத்தார். கணுமூட்டுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல் முன்விளிம்பில் அரிசி நொய் அளவில் ஒரு துண்டு உடைந்து நின்றது. மூட்டு ஓரங்களில் புதிதாக எலும்பு முளைவிட்டிருந்தது. வேகமாக ஓடும்போது கணுமூட்டு அளவுக்கு மீறி வளைந்து இப்படி உடைவது பந்தயக் குதிரைகளில் அடிக்கடி நடப்பது. பழைய காயம் என்றார். துவாரம் போட்டு எடுக்கும் அறுவை உண்டு. ஆனால் தேய்மானம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, ராணி இனிமேல் பந்தயம் ஓடப்போவதும் இல்லை. மூட்டுக்குள் மருந்து, நீண்ட ஓய்வு, பிறகு கையில் பிடித்து நடத்துவது என்று முடிவு செய்தோம்.

இப்போது மழை பெய்த காலைகளில் கொஞ்சம் விறைப்பாக வருவாள். ஐந்து நிமிடம் நடந்தால் இளகிவிடும். பெரியப்பா தீவனம் வைக்கும் முன் குனிந்து, வலது கணுமூட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். அப்புறம் இடது காலில் வைத்து, சூடு ஒன்றுதானா என்று ஒப்பிட்டுவிட்டுத்தான் வாளியை நகர்த்துகிறார்.