நொதித்தல் நின்றுபோன ஆறாம் நாள்

அரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு, வீட்டார் கையாலேயே ஒயின் செய்வது என்று அப்பாவும் தம்பியும் நானும் இறங்கியபோது, கொடி நட்டு மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அதுவரை கொடியின் பலமெல்லாம் வேரும் தண்டும் ஊன்றுவதற்கே செலவாகிவிடும். ஒயினுக்குப் போதுமான பழம் அப்போதுதான் கிடைக்கத் தொடங்கும். கவாத்தின்போது நான் மனம் வராமல் விட்டுவைத்த கணுக்களையும் அப்பா வெட்டச் சொன்னார். கொத்து குறைந்தால்தான் இருக்கும் கொத்து முழுதாகப் பழுக்கும் என்பது அவர் கணக்கு.

அறுவடை நாளை முடிவு செய்வதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டது. பழச்சாற்றின் சர்க்கரையை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் 23 பிரிக்ஸ், அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறத்தாழ 23 கிராம் சர்க்கரை, காட்டியதும், ஏறத்தாழ 13 விழுக்காடு ஆல்கஹாலுக்கு அந்தச் சர்க்கரை போதுமென்று நான் அவசரப்பட்டேன். அப்பா ஒரு பழத்தைப் பிதுக்கி விதையை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ஓரத்தில் பச்சை இன்னும் மாறவில்லை. கடித்தபோது துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டது. ஆறு நாள் கழித்து விதை பழுப்பாகி, கடித்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்த பிறகே கத்தரியை எடுத்தோம்.

ஏறத்தாழ 400 கிலோ பழத்தைக் காம்பு நீக்கிக் காலாலேயே மிதித்தோம். விதை நசுங்கினால் கசப்பு இறங்கும். பாதத்தின் மென்மைக்குப் பழம் உடையும், விதை உடையாது. சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிரான ஈஸ்ட் எதையும் வெளியிலிருந்து சேர்க்காமல், பழத்தோடும் தொட்டிச் சூழலோடும் வரும் ஈஸ்ட்டுகளையே நம்பினோம். மூன்றாம் நாள் நுரை எழும்பியது. தோல்களெல்லாம் மேலே திரண்டு, கையூன்றினாலும் அமிழாத தடித்த போர்வையாக மிதந்தன. அதை நாளுக்கு மூன்று முறை கட்டையால் குத்தி உள்ளே அமிழ்த்தினோம். அந்த வேலையை யாரும் தனியாகச் செய்யக்கூடாது, தொட்டிக்குள் தலையைக் குனியக்கூடாது என்பதில் அப்பா கண்டிப்பாக இருந்தார். நொதிக்கும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கி மனிதரை மயக்கமடையச் செய்து உயிரையே பறித்துவிடும்.

வெயில் கடுமையாக இருந்த அந்த வாரத்தின் ஆறாம் நாள் காலையில், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.020 காட்டியது. சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இந்த அளவு இறங்கிக்கொண்டே வரவேண்டும். மாலையிலும் அதே அளவு, மறுநாளும் அதே அளவு. தோல் போர்வைக்குள் வெப்பமானியை இறக்கிப் பார்த்தபோது 37 டிகிரி! நாங்கள் அதுவரை மேலாக உள்ள சாற்றை மட்டுமே அளந்துவந்தோம். வெப்பம் தேங்குவது தோல்களுக்கிடையில் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அத்தகைய சூட்டில், கூடிவரும் ஆல்கஹாலும் சேர்ந்துகொள்ள, ஈஸ்ட் தளர்ந்து மடிகிறது. மீந்த சர்க்கரையோடு அப்படியே விட்டால் பாக்டீரியாக்கள் புகுந்து ஒயின் புளித்து வீணாகும்.

அன்றே பிழிந்து தோலைப் பிரித்து, சாற்றைக் குளிர்ந்த அறைக்கு மாற்றினோம். ஆல்கஹாலைத் தாங்கும் உலர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அதில் எங்கள் ஒயினைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பழக்கி, நுரை பொங்கிய பிறகே முழுச் சாற்றோடும் கலந்தோம். ஒரேயடியாகக் கொட்டியிருந்தால் புதிய ஈஸ்ட்டும் அதிர்ச்சியில் இறந்திருக்கும். பொட்டல ஈஸ்ட்டைத் தொட்டதில் தம்பிக்கு வருத்தம்தான். பழத்தைக் காப்பாற்றுவதும் மரபு வேலைதான் என்றே நான் நினைக்கிறேன். ஒன்பது நாளில் அளவு 0.995க்கு இறங்கியது.

கிடைத்த 260 லிட்டரில் 225 லிட்டர் பீப்பாய் நிறைந்தது. மீதியைக் கண்ணாடிக் குடுவைகளில் விளிம்பு வரை நிரப்பி, மரத்தின் வழியே ஆவியாகும் அளவைப் பீப்பாயில் ஈடுசெய்ய ஒதுக்கினோம். வசந்தத்தில் பீப்பாயின் வாயில் காதை வைத்தால் மெல்லிய சடசடப்பு கேட்டது. கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் ஓசை அது. அப்பாவை அழைத்துக் கேட்க வைத்தேன்.

அடுத்த ஆண்டு அதே பழத்தை மூன்று சிறிய தொட்டிகளில் பிரித்து வைத்தோம். வெப்பமானி தோல் போர்வைக்குள்ளேயே குத்தி நின்றது. நள்ளிரவுக் குத்தலுக்குத் தம்பியும் நானும் விளக்கோடு ஒன்றாகவே போய்வந்தோம்.