உலையில் ஓர் ஆழாக்கு

"சோத்தைக் குறைங்க" என்பது சர்க்கரை, பிரஷர் பார்க்கிற எங்களுக்கு வாயோடு ஒட்டிக்கொண்ட வசனம். டெல்டாவில் அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், எதிரே இருப்பவர் பாதி ஆயுளை நடவிலும் அறுப்பிலும் கழித்தவராக இருப்பார்.

இந்த அம்மாவும் அப்படித்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவுக்குப் போய்விடுகிறவர். நடவு மெஷினும் நேரடி விதைப்பும் வந்த பிறகு வேலை போயிற்று, சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே இருந்துவிட்டது. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற கணக்கு, 29. நம் உடம்புக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்றேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

துருவிக் கேட்டதில்தான் தெரிந்தது, அவர் தட்டில் போட்டுக்கொள்வது ஒன்றும் அதிகமில்லை. பேரப்பிள்ளைகள் வைக்கிற மிச்சம், குண்டான் அடியில் நிற்பது, மறுநாள் பழையது எல்லாம் இவர் வயிற்றுக்குத்தான்.

"மிஞ்சினா சாப்பிட்டே ஆகணும்னு இல்லம்மா."

"கொட்டச் சொல்றீங்களா நர்சம்மா?"

"மாட்டுக்கு வைங்களேன்."

"மாட்டை வித்து எவ்வளவோ காலமாச்சு."

சரி, உலையில் போடும்போதே ஓர் ஆழாக்கு குறைத்துப் போடுங்கள் என்றேன். இப்போது யோசித்தாலும் அது தப்பான யோசனையாகத் தெரியவில்லை. பசியோடு தட்டின் முன்னால் உட்கார்ந்து மனசைக் கட்டுவதைவிட அரிசி அளக்கும்போது கையைக் கட்டுவது சுலபம், யாருக்கும்.

எடை நன்றாகவே இறங்கியது. மற்றவர்களிடம் அவரை உதாரணம் காட்டினேன். அப்புறம் ஒரு நாள் மாத்திரை வாங்க வந்தவர், சாயங்காலமானால் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றார். கிளிமிபிரைடு போடுகிறவர். வேளைக்குச் சாப்பிடாவிட்டால் அந்த மாத்திரை சர்க்கரையை ரொம்பவும் இறக்கிவிடும். மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க என்றால், "பிள்ளைங்க ரெண்டாந்தரம் கேட்டுச்சுங்க, பத்தலை" என்று சிரிக்கிறார்.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று நானும் அழுத்திச் சொன்னேன். அந்த ஆழாக்கை மறுபடி போடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. எடை ஏறிவிடும் என்ற பயமா, ரிஜிஸ்டரில் இறங்கி வந்த எண்கள் மேல் எனக்கு இருந்த ஆசையா, தெரியவில்லை. குறைத்துச் சமைக்கச் சொன்னேனே தவிர பட்டினி கிடக்கச் சொல்லவில்லை என்று எனக்கு நானே வாதாடிப் பார்க்கிறேன், ஆனால் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும் என்பது, நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தானே, எனக்குத் தெரியாததா?

மருமகளை ஒருதரம் கூட்டிட்டு வாங்க என்றேன். "அவ வேலைக்குப் போறா, அவளை எதுக்கு இழுக்கறீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். இப்போது பிஎம்ஐ 26. கணக்குப்படி இன்னும் குறைக்க வேண்டியவர்தான்.