காரைக்குடி வெயிலில் பதினாறு கோர்

பங்கு வர்த்தக ஸ்ட்ராட்டஜிகளை ஆப்டிமைஸ் செய்ய, அதாவது எந்த எண்களை வைத்தால் நல்ல லாபம் வந்திருக்கும் என்று பழைய விலைத் தரவில் தேடிப் பார்க்க, தனியாக ஒரு கணினி வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் பிராசசரின் பெயரைத்தான் கேட்கிறார்கள். கணக்கு எவ்வளவு பெரியது என்பதை அதற்கு முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். தேசியப் பங்குச் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, அதாவது நாளொன்றுக்கு 375 நிமிடங்கள் நடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாட்கள் என்று கொண்டால், ஒரு பங்கின் ஐந்தாண்டுக்கான ஒரு நிமிடத் தரவு 4,68,750 வரிகள் வரும். நேரம், நான்கு விலைகள் (தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு), கைமாறிய அளவைச் சொல்லும் வால்யூம் என்ற ஆறு எண்களையும் எட்டெட்டு பைட்டாக வைத்தால் 22.5 மெகாபைட், நிஃப்டியின் 50 பங்குகளுக்கும் சேர்த்து 1.1 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். இன்றைய கணினிக்கு இது ஒரு சுமையே இல்லை.

சுமை பெருக்கலில் வருகிறது. இரண்டு மூவிங் ஆவரேஜ்களுக்கு (நகரும் சராசரி விலை) எத்தனை நிமிடம் என்பதில் தலா 20 மதிப்புகள், நஷ்டத்தோடு வெளியேறும் ஸ்டாப்லாஸுக்கு 10, லாபத்தோடு வெளியேறும் டார்கெட்டுக்கு 10 என்று வைத்தாலே 40,000 சேர்க்கைகள் ஆகிவிடுகின்றன. ஒரு சேர்க்கையைச் சோதிக்க ஒன்றரை நொடி பிடித்தால் மொத்தம் 60,000 நொடி, அதாவது பிராசசரில் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதியான கோர் ஒன்றே ஒன்றில் 16 மணி 40 நிமிடம். இத்தனை சேர்க்கைகளில் முதலிடம் பிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தால் மேலே வந்ததாகவே இருக்கும் என்பதால், வாக் ஃபார்வர்டு முறையில் பார்க்காமல் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. அந்த முறைப்படி இரண்டு ஆண்டுத் தரவில் தேடி, அடுத்த ஆறு மாதத்தில் சோதித்து, அப்படியே நகர்ந்து போனால் ஐந்தாண்டுக்கு ஆறு சுற்றுகள், வேலை 2.4 மடங்காகி 40 மணி நேரத்தைத் தொடுகிறது. இரவு படுக்கப் போகும்போது ஓடவிட்டால் காலைச் சந்தைக்கு முன் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் அளவுகோல். அதன்படி இந்தக் கணக்குக்கு எட்டு நல்ல கோர்கள் போதும். ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு சேர்க்கையும் மற்றதை எதிர்பாராமல் தனியாக ஓடக்கூடியது என்பதால், கோர்களைக் கூட்டக் கூட்ட நேரம் குறையும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதுதான். ஆனால் நிரலில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் நடக்க முடியும் என்றால், 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த விதிப்படி, பதினாறு கோர் போட்டாலும் 6.4 மடங்கு வேகந்தான் கிடைக்கும். நம்மூர் டிரேடர்கள் பலர் பயன்படுத்தும் ஆமிபுரோக்கர் மென்பொருளில் ஸ்டாண்டர்டு பதிப்பு இரண்டு த்ரெட்டுகளோடு (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) நின்றுவிடும், புரொஃபஷனல் பதிப்புதான் 32 வரை போகும். ஸ்டாண்டர்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு பதினாறு கோர் வாங்குவது வீண் செலவு. பைத்தானில் எழுதுபவர்கள், பாண்டாஸில் (அட்டவணைத் தரவுக்கான நூலகம்) வரி வரியாகச் சுற்றும் லூப்பை நம்பாவுக்கு (பைத்தானை இயந்திர மொழிக்கு மாற்றும் நூலகம்) மாற்றினால் கிடைக்கும் வேகத்தை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதைச் செய்த பிறகே கணினியைப் பற்றி யோசிக்கலாம்.

என் பெரியப்பா மகன் ஒருவன் தேவகோட்டையிலிருந்து ஒரு கொட்டேஷனோடு வந்தான். மொத்த விலையில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கே போயிருந்தது. "பெரிய கார்டா போட்டா எல்லாமே வேகமா ஓடும்னு கடையில சொன்னாங்கண்ணே" என்றான். நியூரல் நெட்வொர்க் பயிற்சிக்கு அது சரி. பழைய தரவில் ஸ்ட்ராட்டஜியைச் சோதிக்கும் நம் பேக்டெஸ்டோ, முந்தின நிமிடத்தில் பங்கு கையில் இருந்ததா, ஸ்டாப்லாஸ் அடித்ததா என்பதைத் தெரிந்துகொண்டுதான் அடுத்த நிமிடத்துக்குப் போக முடியும். அடிக்கு அடி கிளை பிரியும் இத்தகைய கணக்கை அந்தக் கார்டில் ஓட்ட வேண்டுமானால் நிரலை முழுவதும் அதற்கேற்பத் திருப்பி எழுத வேண்டும். அவன் வைத்திருந்த மென்பொருள் கார்டைத் தொடவே தொடாது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலான பிராசசர்களுக்குள்ளேயே திரையை இயக்கும் அளவுக்கு கிராபிக்ஸ் இருப்பதால், அந்த வரியை அப்படியே அடித்துவிடச் சொன்னேன்.

மிச்சமான பணத்தில் முதல் பங்கு ராமுக்குப் போக வேண்டும். விண்டோஸில் பைத்தான் மல்டிபிராசசிங், வேலையைப் பங்கிட்டுத் தனியாக ஓடும் ஒவ்வொரு பிராசஸையும் புதிதாகத் தொடங்குவதால், எல்லாம் பொதுவாகப் படிக்கும் ஷேர்டு மெமரிக்கு ஏற்பாடு செய்யாவிட்டால் ஒவ்வொன்றும் தரவுக்குத் தனிப் பிரதி வைத்துக்கொள்ளும். பதினாறு பிராசஸுக்கு 1.1 ஜிகாபைட் வீதம் 18 ஜிகாபைட் தரவுக்கே போய்விடும். இடையில் உருவாகும் தற்காலிகப் பிரதிகளையும் கணக்கில் எடுத்தால் 32 இறுக்கமாகவும் 64 நிம்மதியாகவும் இருக்கும். ஆப்ஷன் ஒப்பந்தங்களின் ஸ்ட்ரைக் விலைகள் அத்தனையையும் நிமிடத் தரவாக வைத்திருப்பவர்களுக்கு 64 கட்டாயம். அதை இரண்டு ஸ்டிக்காகவே வாங்குங்கள், ஏனென்றால் நான்கு செருகினால் டிடிஆர்5 வகை ராம் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண டெஸ்க்டாப் போர்டுகளில் மெமரிக்குத் தரவு போய்வரும் பாதைகளாக இரண்டே சேனல்கள்தான் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது; இரண்டு உருளை கட்டிய கிணற்றில் பதினாறு பேர் குடத்தோடு நின்றால் எப்படியோ அப்படித்தான். இருக்கிற மடிக்கணினியிலேயே ஒரு சிறிய ஆப்டிமைசேஷனை 1, 2, 4, 8 பிராசஸ்களில் ஓட்டி நேரத்தைக் குறித்துப் பார்த்தால், எந்த இடத்தில் வேகம் ஏறுவது நிற்கிறது என்பது தெரிந்துவிடும். எஸ்.எஸ்.டி. பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தரவு ஒருமுறைதான் ஏற்றப்படுகிறது, சாதாரண என்விஎம்இ வகையே போதும்.

இனி வெயில். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பூஸ்ட் வேகம் ஒரு கோர் சில நொடிகள் ஓடுவதற்கானது. எல்லாக் கோர்களும் ஐந்து மணி நேரம் முழு மூச்சில் ஓடும்போது நிற்கும் வேகம் வேறு. சித்திரையில் ஒரு மதியம், ஒரு மடிக்கணினியில் ஆப்டிமைசேஷன் ஓடிக்கொண்டிருக்க, வெப்பநிலை காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் 4.5 கிகாஹெர்ட்ஸ் காட்டிய எண், வெப்பம் 97 டிகிரியைத் தொட்டதும் படிப்படியாக இறங்கி, பத்து நிமிடத்தில் 2.8க்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. இந்த வேலைக்கு மடிக்கணினி வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு அதுதான் காரணம். டெஸ்க்டாப்பிலும் 170 வாட் பதினாறு கோரைவிட, ரைசன் 9 7900 போன்ற 65 வாட் பன்னிரண்டு கோர் இந்த ஊருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. சில மணி நேரம் ஓடிய பிறகு இரண்டுக்கும் உள்ள இடைவெளி விலை வித்தியாசத்தை நியாயப்படுத்தும் அளவுக்கு இருப்பதில்லை.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். செட்டிநாட்டு வீடு குளுமை என்று பெயர். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள முகப்புக்கும், நடு முற்றம் உள்ள வளவுக்கும் அது பொருந்தும். வளவைச் சுற்றியுள்ள சிறிய அறைகளோ, கதவைச் சாத்தினால் காற்று அசையாது, அதற்குள் 250 வாட் இரவெல்லாம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருந்தால் விடியும்போது அறையே அடுப்பாகிவிடும். முற்றம் திறந்த வீட்டில் தூசியும் உண்டு. வெள்ளையாக வந்த கேபினட் ஃபில்டர், மழைக்கு முந்தைய காற்றுக் காலத்தில் ஒரே மாதத்தில் செம்மண் நிறத்துக்கு மாறிவிடுகிறது; கழற்றிக் கழுவ வசதியான கேபினட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மின்சாரம் போய்வரும்போது கணக்கு நடுவில் அறுந்துபோகாமலிருக்க 1000 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று தேவை. அதன் லெட் ஆசிட் பேட்டரி, வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுளில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் ஊரில், பேட்டரியைக் கொண்டுபோய் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. யு.பி.எஸ். இருந்தாலும், முடிந்த சேர்க்கைகளின் முடிவுகளை அவ்வப்போது எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் எழுதிவைக்கும்படி நிரலை அமைத்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 250 வாட் எட்டு மணி நேரம் ஓடினால் 2 யூனிட்; தினமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட் கூடும், ஸ்லாப் மாறுமா என்பதை வீட்டு அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதத்தில் ஓரிரு இரவுகள் மட்டுமே ஓட்டுபவர்கள் கணினியே வாங்க வேண்டாம். அமேசான் முதலிய கிளவுடு நிறுவனங்களில் மும்பையிலேயே இயந்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன, இடையில் பிடுங்கிக்கொண்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு ஸ்பாட் விலை மிகவும் குறைவு. அங்கே பிராசசரை விசிபியு என்ற அலகில் எண்ணுவார்கள்; 16 விசிபியு என்றால், இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் பெரும்பாலும் எட்டு கோர்களின் பதினாறு த்ரெட்டுகள் என்றே பொருள். வீட்டுப் பதினாறு கோரோடு அதை ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. வாங்குவதென்றே முடிவு செய்தால், பில் போடுமுன் கடையிலேயே எல்லாக் கோர்களையும் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்குள் ஏ.சி. ஓடுகிறதா என்பதையும் பார்த்து, வீட்டு அறையின் வெப்பத்துக்கு 10 டிகிரியாவது கூட்டிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.