கார்பன் ஃபிரேம் வரவழைத்து மண்டபத்தில் சைக்கிள் கட்டின கதை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் எங்கள் ஊர். இங்கே 'ரோடு பைக் கட்டப் போகிறேன்' என்று சொன்னால் 'எத்தனை சிசி தம்பி?' என்றுதான் கேட்பார்கள். சைக்கிள் என்று விளக்கினால் அடுத்து விலை கேட்பார்கள், விலையைச் சொல்லிவிட்டால் பேச்சே நின்றுவிடும். அதனால் பாகம் பாகமாக வாங்கி நானே ஒரு சைக்கிள் பூட்டப் போவதை, ஃபிரேம் வந்து சேரும்வரை நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை, அம்மாவிடம்கூட.

என்னிடம் ஏற்கெனவே ஒரு அலுமினிய சைக்கிள் இருந்தது. நான்கு வருடம் மண்டபத்துக்கும் தனுஷ்கோடி கடைசியில் இருக்கும் அரிச்சல்முனைக்கும் ஓட்டியே அதைக் கொன்றேன். சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் குழாய் ஃபிரேமுக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டது, ஹேண்டில்பார் திரும்பும் இடத்து ஹெட்செட் பேரிங் துருவாகக் கொட்டியது, ஸ்போக் கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் ஒவ்வொன்றாகத் தெறித்தது. மதுரையில் ஒரு மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு 'கடலுக்குள்ளயா ஓட்டுறீங்க?' என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான். பாம்பன் பக்கத்து உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று பழைய ரயில் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு உள்ளே போட்ட கம்பியே ஸ்டெயின்லெஸ், மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சு. ரயில்வேயே அவ்வளவு பயப்படும் இடத்தில் என் சைக்கிள் எம்மாத்திரம்.

அதனால்தான் இந்தத் தடவை கார்பன் நாரில் செய்த ஃபிரேம். கார்பன் துருப்பிடிக்காது, அது உண்மை. ஆனால் கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கிற அலுமினியம் உப்புத்தண்ணீர் பட்டால் சாதாரணமாக அரிப்பதைவிட வேகமாக அரிக்கும். கார்பன் மின்சாரம் கடத்தும், உலோக வரிசையில் தங்கம், பிளாட்டினம் பக்கம் உட்காரும், அலுமினியம் எதிர்ப்பக்கம். நடுவில் உப்பு ஈரம் வந்தால் அது ஒரு பேட்டரி, கரைவது அலுமினியம். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தப் பாகம் வாங்குவது என்று முடிவு செய்தேன், எடை எல்லாம் அப்புறம்தான்.

ஃபிரேம் சீனாவிலிருந்து, பெரிய பிராண்ட் பெயர் எதுவும் இல்லாதது. ஃபோர்க்கும் கார்பன் சீட் போஸ்ட்டும் சேர்த்து 38,000 ரூபாய், அனுப்பும் செலவு 7,500. கார்பன் நார் T800 என்ற தரம் என்று விற்பவர் சொன்னார். அதைச் சோதித்துப் பார்க்க நமக்கு வழியில்லை. அதனால் நான் கேட்டது சைக்கிள் பாதுகாப்புக்கான ISO 4210 சோதனை அறிக்கையும், ஃபிரேமின் உயரத்தையும் நீளத்தையும் சொல்லும் ஸ்டாக், ரீச் எண்களும் மட்டும்தான். இன்னொன்று, பின்பக்கம் கியர் மாற்றும் டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் குட்டித் துண்டு, டீரெய்லர் ஹேங்கர், அதை இரண்டு உபரியாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது தனி வடிவம், விழுந்து வளைந்தால் ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

'பரிசு என்று போட்டு அனுப்பட்டுமா, விலையைக் குறைத்துக் காட்டட்டுமா' என்று விற்பவர் தானாகவே கேட்டார். வேண்டாம், உள்ள விலையையே போடுங்கள் என்றேன். 2019 டிசம்பரோடு வெளிநாட்டுப் பரிசுப் பொட்டலச் சலுகையெல்லாம் போய்விட்டது, ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. சென்னையில் பெட்டி 9 நாள் நின்றது. ஆதார், இன்வாய்ஸ், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பி, பிறகு அதையே இன்னொரு தடவை அனுப்பி. நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. அதற்குச் சுங்க வரி, அந்த வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் வரி, இதெல்லாம் கூட்டிய மொத்தத்துக்கு ஐஜிஎஸ்டி. கூரியர்காரர்களின் கையாளும் கட்டணம் தனி. இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒதுக்காவிட்டால் வயிற்றைக் கலக்கும்.

மண்டபத்துக்கு டெலிவரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ராமநாதபுரம் போய் வாங்கி, ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து 'டிவியா?' என்று லக்கேஜ் டிக்கெட்டுக்குக் கை வைத்தவர், ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு 'உள்ள ஒண்ணுமே இல்லையேப்பா, ஏமாத்திட்டாங்களா?' என்றார். எனக்கு மட்டும் டிக்கெட் போட்டார்.

அங்கிருந்து நேரே பாம்பனில் ஒரு பைபர் போட் பட்டறைக்குப் போனேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அங்கேதான். கார்பன் ஃபிரேம் என்பது நாரும் ரெசினும்தானே, அதை வருடம் பூராவும் கையில் வைத்திருக்கும் ஆள் நம் கரையிலேயே இருக்கிறார், நாம்தான் யூடியூபில் தேடிக்கொண்டிருக்கிறோம். பட்டறை அண்ணன் ஃபிரேமை வாங்கி மடியில் வைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, தலைப்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக். பேசவே இல்லை. பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் பக்கம் வந்ததும் சத்தம் கொஞ்சம் தடித்தது, அங்கே இரண்டு விரல் இடைவெளி விட்டு மறுபடி தட்டினார்.

'இங்க தடிமன் கூட வச்சிருக்கான், அதான் சத்தம் மாறுது. டொக்குன்னு செத்த சத்தம் கேட்டாத்தான் பயப்படணும். உள்ள நார் மேட் விட்டுருச்சுன்னு அர்த்தம். இது நல்லாருக்கு தம்பி.'

முன் ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பார் வரை மேலே போகும் குழாயை, அதாவது ஸ்டீரர் டியூபை, அறுப்பதும் அவரிடம்தான். கட்டுமானம் முழுவதிலும் திரும்பி வர முடியாத வேலை இது ஒன்றே, குறைய அறுத்தால் இன்னொரு தடவை அறுக்கலாம், கூட அறுத்துவிட்டால் புது ஃபோர்க். முதலில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்முக்குக் கீழே 30 மிமீ ஸ்பேசர் வளையங்கள் இருக்கிற மாதிரி அளவு வைத்து, ஸ்டெம் மேல்விளிம்பைவிட 3 மிமீ கீழே வருவதற்குக் கோடு போட்டேன். அண்ணன் அந்த இடத்தில் டேப்பைச் சுற்றி, கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினார். இடையில் பிளேடு ஓடுவதற்குச் சந்து. பல் நெருக்கமான பிளேடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, அவசரமில்லாமல். இரண்டு பேருக்கும் மாஸ்க், முழுக்கை. கார்பன் தூசி மூச்சில் போனால் நல்லதில்லை, தோலில் பட்டால் ராத்திரி பூரா அரிப்பு. பாதி அறுக்கும்போது அறுவாயில் மூக்கை வைத்துப் பார்த்து 'நம்ம ரெசின் வாடை இல்லையே' என்றார். போட்டுக்குப் பாலியஸ்டர், இது எப்பாக்ஸி. அறுத்த முனையில் ஒரு சொட்டு எப்பாக்ஸி தடவி மூடிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். 'ஓட்டிக் காட்டு, போதும்.'

ஓட்டிப் பார்த்து நிலை பிடித்த பிறகு இன்னும் 10 மிமீ குறைக்கலாம் என்பதுதான் திட்டம். இன்னும் குறைக்கவில்லை, முதுகு ஒத்துக்கொள்ளவில்லை.

இனி நான் செய்த தப்பு. ஃபிரேம் BB86 வகை, அதாவது 86.5 மிமீ அகலம், 41 மிமீ துளை, மரை கிடையாது, பேரிங் கப்பை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். அனுபவசாலிகள் எல்லாரும் மரை உள்ளதாக வாங்கு என்றுதான் சொல்வார்கள். கடற்கரையில் இருந்தால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மரை உள்ள கார்பன் ஃபிரேமில் பெரும்பாலும் உள்ளே ஒரு அலுமினியக் குழாயை ஒட்டி வைத்திருப்பார்கள், மறுபடி அதே கார்பன், அலுமினியம், உப்பு. ஷிமானோ கம்பெனியின் பிரஸ்-ஃபிட், அதாவது அழுத்தி உட்கார வைக்கும், கப் பிளாஸ்டிக், அரிக்க ஒன்றுமில்லை. பிரஸ் கருவி வாங்காமல், ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்டட் ராடு, இரண்டு நட்டு, பெரிய வாஷர்கள் வாங்கி, கோணாமல் இருக்கிறதா என்று கால் சுற்றுக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்து அழுத்தினேன். பிரமாதமாக உட்கார்ந்தது. பெருமையாகப் படம்கூட எடுத்தேன். மறுநாள் பின் பிரேக் ஹோஸை ஃபிரேமுக்குள் விடும்போதுதான் உறைத்தது, அது பாட்டம் பிராக்கெட் குழிக்குள் வளைந்து போக வேண்டும், அங்கே எட்டிப் பார்க்கவோ விரல் விடவோ இப்போது வழியில்லை. ஒரு முழு நாள் போராடிவிட்டு, புதுக் கப்பைத் தட்டி எடுத்தேன். எடுக்கும்போது ஒன்று விரிசல் விட்டது. ஹோஸ், கேபிள் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் பாட்டம் பிராக்கெட். இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஹோஸை உள்ளே விடுவதற்குத் தனிக் காந்தக் கருவி விற்கிறார்கள். எனக்குப் பழைய ஸ்பீக்கர் காந்தமும் கொஞ்சம் தூண்டில் நரம்பும் போதுமாக இருந்தது. நரம்பு நுனியில் ஒரு தையல் ஊசியைக் கட்டி ஓட்டைக்குள் போட்டு, வெளியே காந்தத்தை ஃபிரேமோடு ஒட்டி மெதுவாக நகர்த்தினால், உள்ளே ஊசி பூனைக்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். கார்பன் காந்தத்தைத் தடுக்காது. பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயான செயின் ஸ்டேயின் ஓட்டையில் ஊசி மூக்கை நீட்டியபோது நான் கத்தின கத்தலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

மீதி எல்லாம் சாதாரண ஸ்பேனர் வேலை. கியர், பிரேக் பாகங்கள் எல்லாம் சேர்ந்த ஷிமானோ 105 குரூப்செட், பின்னால் 11 கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில்தான், பைக் மெக்கானிக் கடையில் கிடைக்கும் டாட் பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் போய்விடும். எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனைத் தொடாதீர்கள். ஸ்டெம், சீட் கிளாம்ப் இரண்டும் 5 நியூட்டன் மீட்டர், பெடல் மாட்டும் இடது கிராங்க் 12 முதல் 14, பின் பல்சக்கரங்களின் கேசட் 40. கை அளவு நம் எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நினைப்போம், ரெஞ்ச் 'டக்' என்ற இடத்தைப் பார்த்தபோது நான் வழக்கமாக எவ்வளவு அதிகம் முறுக்கிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. சீட் போஸ்ட்டுக்கு கிரீஸ் கூடாது, மணல் மாதிரி நறநறக்கும் கார்பன் பேஸ்ட். கார்பனுக்குள் கார்பன், அதனால் ஒட்டிக்கொள்ளும் பயமும் இல்லை.

சக்கரத்துக்கு 50 மிமீ ஆழ ரிம் வாங்க ஆசை இருந்தது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஒரு தடவை சைக்கிளில் போனவன் அந்த ஆசையை விட்டுவிடுவான். 2 கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டுக் காற்று, ஒரு பக்கம் வண்டியை நிறுத்திச் செல்பி எடுக்கும் கூட்டம், ஆழ ரிம்மோடு போனால் பாய் விரித்த வத்தைப் படகு மாதிரி இழுத்துக்கொண்டு போகும். 30 மிமீ அலுமினிய ரிம், ஸ்டெயின்லெஸ் ஸ்போக், பித்தளை நிப்பிள். அலுமினிய நிப்பிள் போட்டால் சில கிராம் குறையும், இந்த ஊரில் அது வேண்டாத வேலை.

முடிந்ததும் நண்டு கம்பெனித் தராசில் தூக்கி வைத்தோம். பெடலோடு 8.3 கிலோ. எடை போடும் பையன் 'ஒரு கூடை நண்டுகூட இல்லைண்ணே' என்றான். மொத்தச் செலவை இங்கேயும் சொல்லவில்லை, இதை என் வீட்டிலும் படிப்பார்கள்.

முதல் ஓட்டம் அரிச்சல்முனைக்கு. ராமேஸ்வரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல், ரோட்டில் காற்று வாரிப்போட்ட மணல். போகும்போது 40 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தேன், ஃபிரேம் அப்படி என்று நினைத்தேன். திரும்பும்போது 19-ஐத் தாண்டவில்லை. ஃபிரேம் அதேதான்.

மூன்றாவது வாரம் ஒரு சத்தம். ஒவ்வொரு மிதிக்கும் 'கிர்ரிக்'. எல்லாரும் சொன்னது பாட்டம் பிராக்கெட், அழுத்துற வகைன்னாலே அப்படித்தான் என்று. எனக்கும் அதே சந்தேகம், முதல் தடவை தட்டி எடுத்த பாவம் வேறு. அதைக் கழற்றும் முன் மற்றதையெல்லாம் பார்த்துவிடுவோம் என்று பெடல், பின் ஆக்ஸில் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து கிரீஸ் வைத்து மாட்டினேன், சீட் போஸ்ட்டுக்கு மட்டும் கார்பன் பேஸ்ட். கடைசியில் ஹேங்கரைப் பிடித்திருக்கும் குட்டி போல்ட். கழற்றினால் மரையில் வெள்ளைப் பொடி, மைதா தூவினது போல. அலுமினிய ஹேங்கர், பக்கத்தில் கார்பன், வந்து மூன்று வாரம்தான் ஆகிறது! சுரண்டி, கிரீஸ் வைத்து மாட்டியதும் சத்தம் போய்விட்டது. பாட்டில் கேஜ் போல்ட்டிலும் அதே பொடி ஆரம்பித்திருந்தது. பைபர் அண்ணனிடம் காட்டினேன். 'போட்டுக்கு அடியில ஜிங்க் கட்டி விடுறோம்ல, அது கரையும், இஞ்சினு பொழைக்கும். ஒன் சைக்கிள்ல இந்த அலுமினியந்தான் ஜிங்கு' என்றார்.

ஆக இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் கடலில் முக்கி எடுத்ததற்குச் சமம். நல்ல தண்ணீர் காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்தால்தான், இல்லை என்றால் குடத்துக்குக் காசு. முதல் நாள் நான் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா வாசலில் மறித்தார்.

'குடிக்கிற தண்ணியில சைக்கிளக் குளிப்பாட்டுறியா? தெருவுல பாத்தா சிரிப்பாக.'

பேரம் பேசி ஒரு ஓட்டத்துக்கு இரண்டு லிட்டர் என்று முடிந்திருக்கிறது. ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று, போல்ட் தலைகளுக்குப் பழைய டூத் பிரஷ். மாதம் ஒரு தடவை சீட் போஸ்ட், ஹேங்கர், கேஜ் போல்ட் கழற்றிப் பார்ப்பது. ஸ்டெம்மை இன்னும் கழற்றவில்லை, அது அலுமினியம், ஸ்டீரர் கார்பன். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் பார்க்க வேண்டும்.